சிம்பொனி கேட்கப் பழகுவது எப்படி: சின்னக் குழுவிலிருந்து தொடங்குங்கள்

"சிம்பொனி கேட்க ஆசைதான், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்க முடியவில்லை" என்று என்னிடம் சொன்னவர்கள் நிறையப் பேர். இவர்கள் சங்கீதம் தெரியாத ஆட்கள் இல்லை. கோயில் மேளக் கச்சேரியில் விடிய விடிய முன்வரிசையில் இருப்பவர்கள், ராகத்தை இரண்டு சுரத்திலேயே கண்டுபிடிப்பவர்கள். எதைக் கேட்டுப் பார்த்தீர்கள் என்று விசாரித்தால் அநேகமாக ஒரே பதில்தான் வரும். நூறு பேர் மேடையில் இருந்து வாசிக்கிற பெரிய ஓர்கெஸ்ட்ரா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட ஒன்றேகால் மணித்தியாலச் சிம்பொனி. அதிலிருந்து தொடங்கினால் யாருக்கும் காது களைத்துப் போகும்.

நான் சொல்கிற வழி இது. சேம்பர் ஓர்கெஸ்ட்ரா என்று சொல்லப்படுகிற சின்னக் குழுக்களின் ஒலிப்பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். முப்பது நாற்பது பேர், முன்னால் நின்று அவர்களை நடத்துகிற ஒரு நெறியாளர், அவ்வளவுதான். ஆட்கள் குறைவு என்பதால் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் காதில் விழும். ஓபோ என்ற மரக்குழல் எங்கே நுழைகிறது, வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா என்ன செய்கிறது, ஹோர்ன் என்ற பித்தளைக் குழல் எப்போது மூச்சு எடுக்கிறது என்பதெல்லாம் மறைபடாமல் கேட்கும். இன்னொன்று, பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களான ஹைடனும் மொசார்ட்டும் எழுதியதே இப்படிச் சின்னக் குழுக்களை மனதில் வைத்துத்தான். ஹைடன் வேலை பார்த்த எஸ்டர்ஹாசி என்ற பிரபுக் குடும்பத்தின் அரண்மனையில் அவரிடம் இருந்த வாத்தியக்காரர்கள் இருபது பேர் அளவில்தான். அதே சிம்பொனியைப் பிற்காலத்தில் பெரிய குழுக்கள் எழுபது எண்பது பேரோடு வாசித்ததும் உண்டு. அதிலும் அழகு இருக்கிறது, ஆனால் முதல் படிக்கு அது வேண்டாம்.

உங்கள் காது இதற்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். நல்லூர்த் திருவிழாவிலோ இணுவில், அளவெட்டிப் பக்கத்துக் கோயில்களிலோ தவில் சமா நடக்கும்போது நான்கு தவில் ஒன்றாக அடிபடும். அதில் யாருடைய தொப்பி, யாருடைய வலந்தலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ஒரு கூட்டுச் சத்தத்துக்குள் ஒற்றை வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு போவது, சிம்பொனி கேட்பதற்கு முதலில் வேண்டியது அதுதான்.

எதைத் தேடுவது

முதல் மாதத்துக்கு மூன்று சிம்பொனி காணும். ஹைடனின் 45ஆவது, மொசார்ட்டின் 40ஆவது, பீத்தோவனின் 3ஆவது. இந்த ஒழுங்கிலேயே கேளுங்கள். பட்டியலைப் பெருக்கவேண்டாம், ஒன்றைப் பத்துத் தடவை கேட்பதுதான் பலன் தரும்.

யூடியூபிலோ ஸ்பொட்டிஃபையிலோ தேடும்போது இசையமைத்தவரின் பெயரையும் சிம்பொனியின் எண்ணையும் போட்டு, கூடவே நெறியாளரின் பெயரையும் போடுங்கள். இதைத் தவறவிட்டால் யாரோ எங்கேயோ வாசித்த ஒன்று வந்து நிற்கும், அப்புறம் உங்களுக்குப் பிடிக்காமல் போனது இசையா வாசிப்பா என்றே தெரியாது. மொசார்ட்டின் 40க்கு, சார்ல்ஸ் மக்கேராஸ் ஸ்கொட்டிஷ் சேம்பர் ஓர்கெஸ்ட்ராவோடு 2007இல் கிளாஸ்கோ நகரில் பதிவு செய்ததைத் தேடுங்கள். 38 முதல் 41 வரை நான்கும் ஒரே தொகுப்பாக வந்தவை. பீத்தோவனுக்கு இரண்டு தெரிவு இருக்கிறது. ஒன்று, நிக்கோலஸ் ஹார்னொன்கூர் நெறியாள்கையில் சேம்பர் ஓர்கெஸ்ட்ரா ஒஃப் யூரோப் வாசித்தது, ஒஸ்ரியாவின் கிராட்ஸ் நகரில் நேரடிக் கச்சேரிகளில் பதிவானது. மற்றது, பாவோ யார்வி ஜேர்மனியின் பிரேமன் நகரத்து டொய்ச்சே கமர்ஃபில்ஹார்மோனியோடு செய்தது. ஹைடனுக்கு ஆடாம் ஃபிஷர். இவர் 1987இல் தொடங்கி 2001 வரை ஹைடனின் 104 சிம்பொனிகளையும் பதிவு செய்தார், அதுவும் ஒஸ்ரியாவின் ஐசன்ஸ்டாட் நகரில் உள்ள எஸ்டர்ஹாசி அரண்மனையில் ஹைடனின் பெயரால் அழைக்கப்படுகிற மண்டபத்திலேயே.

ஹைடனுக்கு இன்னொரு தொகுப்பும் உண்டு. எனக்கு மனதுக்கு மிக நெருக்கமானது அதுதான், பெயரளவில் அது சேம்பர் குழு இல்லை என்றாலும் சொல்லாமல் விட முடியவில்லை. 1956இல் ஹங்கேரியில் எழுச்சி நசுக்கப்பட்டபோது நாட்டை விட்டு ஓடிவந்த வாத்தியக்காரர்கள் வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒன்றுசேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். ஃபில்ஹார்மோனியா ஹங்கேரிகா என்று பெயர். பிறகு ஜேர்மனியில் மார்ல் என்ற ஊரில் குடியேறினார்கள். அவர்களை வைத்துத்தான் அன்டால் டொராட்டி, அவரும் ஹங்கேரியில் பிறந்தவர், 1969க்கும் 1972க்கும் இடையில் ஹைடனின் 104ஐயும் பதிவு செய்து முடித்தார். அகதியாகப் போன ஊரில், அயல்மொழிக்காரருக்கு நடுவில் இருந்துகொண்டு, மூன்று நான்கு வருடத்தில் 104 சிம்பொனி. ஜேர்மனிக்கு ஆட்களை அனுப்பிவைத்த எந்த யாழ்ப்பாணத்து வீட்டுக்கும் இது வெறும் தகவலாக இராது.

எங்கே, எப்போது கேட்பது

இதை அற்பமாக நினைக்கவேண்டாம். தொடங்குகிறவர்கள் பாதிப் பேர் இடறுவது இங்கேதான்.

சினிமாப் பாட்டு தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய ஒரே சத்தத்தில் இருக்கும்படி பதிவாகும். அதனால் பஸ்ஸிலும் கேட்கலாம், ஓட்டோவிலும் கேட்கலாம். சிம்பொனி அப்படியில்லை. ஒரு இடத்தில் இரண்டு வயலின் மட்டும் காற்றுப்போல வாசிக்கும், அடுத்த கணம் முப்பது பேரும் சேர்ந்து இறங்குவார்கள். ஏ9 வீதியில் பஸ்ஸில் இருந்து கேட்டால் மெல்லிய இடங்கள் முழுக்கக் காணாமல் போகும், நீங்கள் சத்தத்தைக் கூட்டுவீர்கள், அடுத்த நிமிடம் காது அதிரும். வீட்டில்தான் கேட்கவேண்டும்.

வீட்டிலும் மின்விசிறியை நிறுத்துங்கள். மேலே சுற்றுகிற விசிறியின் இரைச்சல், வயலின் வகையில் பெரியவையும் தாழ்ந்த குரல் உள்ளவையுமான டபிள் பேஸையும் செலோவின் கீழ்ச்சுரங்களையும் அப்படியே விழுங்கிவிடும். நம்முடைய வெக்கையில் பகலில் விசிறி இல்லாமல் இருக்கமுடியாது என்பதால் விடியப்புறம் ஐந்து மணி, இல்லாவிட்டால் இரவு பத்துக்குப் பிறகு என்று நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். கோயில் ஒலிபெருக்கி எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பது உங்கள் ஊருக்கு உங்களுக்குத் தெரியும், அதற்கு முன்னால் முடிக்கப் பாருங்கள். சோளகம் பெயர்கிற மாதங்களில் வளவுக்குள் நிற்கிற பனைகளின் ஓலைச் சத்தமே ஒரு கச்சேரி மாதிரி இருக்கும், அந்த நாட்களில் வீட்டின் மற்றப் பக்கத்து அறைக்குப் போங்கள்.

விலைகூடிய கருவி தேவையில்லை. வயர் உள்ள சாதாரண இயர்போன் போதும், ஆனால் இரண்டு காதும் வேலை செய்யவேண்டும், இடது காதுக்குரியது இடது காதில்தான் இருக்கவேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன். ஃபோனில் ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் என்று எது போட்டிருந்தாலும் எடுத்துவிடுங்கள். ஸ்பொட்டிஃபையில் சத்தத்தைச் சமப்படுத்துகிற தெரிவு ஒன்று இருக்கிறது, அதையும் நிறுத்துங்கள். டேட்டாவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: விநாடிக்கு 320 கிலோபிட் என்ற உயர்தரத்தில் இருபத்தைந்து நிமிடச் சிம்பொனி ஒன்றுக்கு 60 எம்பி அளவில் போகும். ஒருக்கா தரவிறக்கி வைத்தால் பத்துத் தடவை கேட்கலாம்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ கேட்ட வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அப்பா பெடலைச் சுற்றுவார், நான் ஊசியைத் திருப்புவேன். செய்திக்கு நேரம் இருந்தால் சிற்றலையில் எங்கேயாவது வயலின்கள் கேட்கும், அதிலே நிறுத்தச் சொல்வார். கை தளர்ந்தால் சத்தம் மங்கும், பிறகு திரும்ப ஏறும். யாராவது ஒருவர் சுற்றினால்தான் பாட்டு என்பதால், பாட்டு போகும்போது வேறு வேலை பார்க்கிற எண்ணமே யாருக்கும் வராது. அப்படி இருந்து கேளுங்கள். வட்ஸப் பார்த்துக்கொண்டு சிம்பொனி கேட்க முடியாது, நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

ஹைடன் 45: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

சிம்பொனி என்றால் பொதுவாக நான்கு பகுதி. வேகமாக ஒன்று, ஆறுதலாக ஒன்று, ஆட்ட நடையில் ஒன்று, திரும்ப வேகமாக ஒன்று. ஹைடனின் 45ஐ மட்டும் நீங்கள் நான்காவது பகுதியிலிருந்து தொடங்குங்கள். பிழையில்லை.

காரணம் இதன் கதை. 1772ஆம் ஆண்டு இளவரசர் நிக்கோலஸ் எஸ்டர்ஹாசி தன் கோடைகால அரண்மனையில் வழக்கத்தைவிட அதிக நாள் தங்கிவிட்டார். வாத்தியக்காரர்களின் பெண்சாதி பிள்ளைகள் எல்லாம் ஐசன்ஸ்டாட்டில். வீட்டுக்குப் போகவேண்டும் என்று இளவரசரிடம் நேரே சொல்ல முடியாது, ஹைடனிடம் முறையிட்டார்கள். ஹைடன் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, ஒரு சிம்பொனி எழுதினார். கடைசிப் பகுதி ஆவேசமாக ஓடி, முடியப்போகிறது என்று நினைக்கும் நேரத்தில் சட்டென்று நின்று, ஆறுதலான புது மெட்டு ஒன்று தொடங்கும். அதில் ஒவ்வொருவராகத் தங்கள் பங்கை வாசித்து முடித்து, முன்னால் இருந்த மெழுகுதிரியை அணைத்துவிட்டு எழும்பிப் போனார்கள். கடைசியில் இரண்டு வயலின் மட்டும், ஒன்று ஹைடன், மற்றது குழுவின் முதல் வயலின்காரர் தொமாசினி. இளவரசருக்கு விளங்கியது, மறுநாளே புறப்பட ஆணை போட்டார் என்பார்கள்.

நீங்கள் செய்யவேண்டியது, யார் யார் போகிறார்கள் என்று எண்ணுவது. முதலில் ஓபோ ஒன்றும் ஹோர்ன் ஒன்றும் தங்களுக்கென்று ஒரு சின்ன வரி வாசித்துவிட்டுப் போகும். பிறகு பசூன், தாழ்ந்த குரலில் பேசுகிற நீண்ட மரக்குழல். பிறகு மற்ற ஓபோவும் மற்ற ஹோர்னும். பிறகு டபிள் பேஸ், வழக்கமாக அடியில் மறைந்தே கிடக்கிற அந்தப் பெரிய வாத்தியத்துக்கு ஹைடன் இங்கே தனியாக வாசிக்க ஒரு நீண்ட வரி கொடுத்திருக்கிறார், வடிவாகக் கேளுங்கள். அது போனதும் உங்கள் காதில் ஒரு மாற்றம் தெரியும், வீட்டுக்குள் இருந்து ஒரு தூணை எடுத்தமாதிரி. அதன்பின் செலோ, வயலின்கள், வியோலா. மிஞ்சுவது ஒலி அடக்கிய இரண்டு வயலின்.

முதல் தடவை எல்லாரும் போவது பிடிபடாது. நான்கைந்து தடவை கேட்டால் பிடிபடும். இந்தப் பகுதி முழுவதும் எட்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் இது பெரிய காரியம் இல்லை. இந்த ஒரு பயிற்சியில் ஓபோவுக்கும் பசூனுக்கும், செலோவுக்கும் பேஸுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு வந்துவிடும், யாரும் படம் காட்டிச் சொல்லித் தரத் தேவையில்லை. அது வந்தபிறகு முதல் பகுதிக்குப் போங்கள். அந்தக் கோபமான தொடக்கம் ஏன் அப்படி இருக்கிறது என்று கதை தெரிந்த உங்களுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

மொசார்ட் 40: சுருதி இடம் மாறுகிறது

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மேல்நாட்டு இசையில் உண்மையான தடை வாத்தியங்கள் இல்லை. நமக்கு ஆதார சுருதி அசையாது. தம்புரா எங்கே நிற்கிறதோ ஷட்ஜம் அங்கேதான், கச்சேரி முடியும்வரை. சிம்பொனியில் அந்த ஷட்ஜமே எழும்பி நடக்கும். இது விளங்காமல் கேட்டால் என்னவோ நடக்கிறது, ஆனால் என்னவென்று தெரியவில்லை என்ற களைப்பு வரும். விளங்கினால், அதுதான் முழுக் கதையுமே.

மொசார்ட் 1788ஆம் ஆண்டு கோடையில் ஆறேழு வாரத்துக்குள் தன் கடைசி மூன்று சிம்பொனிகளையும் எழுதி முடித்தார். நடுவில் உள்ளது இந்த 40, முடித்த தேதி யூலை 25. முதல் பகுதியைப் போடுங்கள். மெட்டு தொடங்குவதற்கு முன்னால், ஒரு பாருக்கும் (நம்முடைய ஆவர்த்தனம்போல மேல்நாட்டுத் தாளத்தின் ஒரு சுற்று) குறைவான நேரம், வியோலாக்கள் மட்டும் அடியில் முணுமுணுக்கும். பெரிய குழுக்களின் பழைய பதிவுகளில் இது ஒரு மூட்டம் மாதிரித்தான் கேட்கும், மக்கேராஸின் பதிவில் வில் கம்பியில் உரசுவதே தெரியும். பிறகு வயலின்கள் அந்தப் பிரபலமான மெட்டைப் பிடிக்கும். இதன் சுரங்களைப் பாடிப் பாருங்கள், கீரவாணியும் நடபைரவியும் கலந்த வழியில் போகும்.

ஒரு நிமிடம் ஆவதற்குச் சற்று முன்னால் எல்லாரும் ஒரேயடியாக நிறுத்துவார்கள். ஒரு சின்ன மௌனம். அதற்குப் பிறகு இரண்டாவது மெட்டு, வயலின்களும் காற்று வாத்தியங்களும் மாறி மாறி வாசிப்பது, மெல்லிய ஏக்கத்தோடு இறங்குகிற மெட்டு. இங்கே ஷட்ஜம் இடம் மாறிவிட்டது. முன்பிருந்த சாதாரண காந்தாரம் இப்போது ஷட்ஜம். கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும்: நடபைரவியின் காந்தாரத்தை ஷட்ஜமாக வைத்தால் வருவது சங்கராபரணம். மொசார்ட் செய்திருப்பது அதைத்தான். ஒரு வித்துவான் கச்சேரியில் சில விநாடி காட்டிவிட்டுத் திரும்புகிற கிரகபேதத்தை இவர் வீடு மாறிப் போனமாதிரிச் செய்து அங்கேயே குடியிருந்து கதைக்கிறார்.

அப்புறம் இதுவரை கேட்டது முழுவதும் தொடக்கத்திலிருந்து திரும்ப ஒருக்கா வரும். தாண்டவேண்டாம், அது உங்களுக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. அதற்குப் பின் முதல் மெட்டைத் துண்டுதுண்டாக உடைத்து ஷட்ஜம் எங்கெங்கோ அலையும், கல்பனாசுரம் கேட்கிற மனதோடு அதைக் கேளுங்கள். கடைசியாகத் தொடக்க மெட்டு பழைய சுருதியில் திரும்பி வரும். இப்போது கவனமாக இருங்கள், திரும்ப அந்த நிறுத்தம் வரும், திரும்ப அந்த இரண்டாவது மெட்டு வரும். ஆனால் இந்த முறை சங்கராபரணத்தில் இல்லை. ஷட்ஜம் வீட்டைவிட்டுப் போகவில்லை, அதனால் மெட்டு துக்கத்தின் பக்கம் விழுந்துவிட்டது. சந்தோஷமாக இருந்த நாளில் சொன்ன அதே வார்த்தையைச் செத்த வீட்டில் சொல்வதுபோல. எனக்கு இந்த இடம் முதல்முறை விளங்கியது ஒரு இரவு பதினொரு மணிக்கு, விறாந்தையில் இருந்து கேட்டபோது. அன்று அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

பீத்தோவன் 3: மணிக்கூட்டை எடுங்கள்

இது பெரிய சிம்பொனி, ஐம்பது நிமிடம் போகும். முதல் பகுதியை மட்டும் ஒரு கிழமை கேளுங்கள்.

பீத்தோவன் 1817இல் தன் சிம்பொனிகளுக்கு மெட்ரோனோம் என்ற தாளம் அளக்கிற கருவியின்படி வேகங்களை அச்சிட்டு வெளியிட்டார். இந்த முதல் பகுதிக்கு அவர் கொடுத்த வேகம் நிமிடத்துக்கு 60 பார், அதாவது ஒரு பாருக்குச் சரியாக ஒரு விநாடி. நமக்கு இது பெரிய வசதி. ஃபோனில் விநாடி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வேகத்தை அளக்கலாம். முதல் பாரில் குழு முழுவதும் சேர்ந்து ஒரு அடி. இரண்டாவது பாரில் இன்னொரு அடி. மூன்றாவது பாரில் செலோ மெட்டைத் தொடங்கும். பீத்தோவன் கேட்ட வேகத்தில் வாசித்தால் முதல் அடியிலிருந்து இரண்டாவது விநாடியில் செலோ வந்துவிடவேண்டும். யார்வியின் பதிவில் இதற்கு மிகக் கிட்டப் போகும். பிறகு ஒட்டோ கிளெம்பரர் 1950களில் பெரிய குழுவோடு செய்ததைப் போட்டுப் பாருங்கள், இரண்டு அடிக்கும் இடையில் எவ்வளவு இடம் விடுகிறார் என்று தெரியும். இரண்டு பேரும் வாசிப்பது ஒரே சுரத்தாளைத்தான். இந்தப் பகுதி 691 பார், அப்படியென்றால் திருப்பி வாசிக்காமல் போனால் பதினொன்றரை நிமிடத்தில் முடியவேண்டும், தொடக்கப் பகுதியைத் திருப்பி வாசித்தால் மேலும் இரண்டரை நிமிடம். எந்தப் பதிவை எடுத்தாலும் மொத்த நேரத்தைப் பார்த்தே நெறியாளர் எப்படிப்பட்டவர் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

செலோ மெட்டிலும் ஒரு இடம் இருக்கிறது. சங்கராபரணமாக நேராகப் போய்க்கொண்டிருந்தது, ஷட்ஜத்திலிருந்து காகலி நிஷாதத்துக்கு இறங்கி, அங்கிருந்து எதிர்பாராமல் கைசிகி நிஷாதத்தில் போய் நிற்கும். அந்த ஒரு சுரத்தில் மேலே வயலின்கள் பதறுவது கேட்கும். வீட்டுக்குள் நுழைந்தவர் வாசற்படியிலேயே தடக்கி நின்றதுபோல. அதைச் சரிப்படுத்தத்தான் மிச்ச நேரம் முழுவதும் போகிறது என்று எனக்குத் தோன்றும்.

இணுவிலில் தவில் வாசிக்கிற நண்பன் ஒருவனுக்கு இந்தத் தொடக்கத்தை யார்வியின் பதிவில் போட்டு இயர்போனைக் கொடுத்தேன். சிம்பொனி அவன் கேட்டதே இல்லை. இரண்டு அடியும் விழுந்த உடனேயே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான்.

"அடியில ஒரு தோல் வாத்தியம் இருக்கு, என்ன?"

"ஓம், டிம்பனி எண்டு சொல்லுவினம்."

"துணி சுத்தின தடி இல்லையடா இது. வெறுந்தடி."

உண்மைதான். பழைய காலத்து முறையைப் பின்பற்றுகிற இப்படிப்பட்ட குழுக்களில் டிம்பனிக்குக் கெட்டியான தடிதான் பிடிப்பார்கள், சத்தம் உருண்டு வராமல் வெட்டி வரும். தடியின் தலையைக் காதால் கண்டுபிடித்த அவனுக்கு நான் அதற்குமேல் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை, சிம்பொனி முழுவதையும் டிம்பனியைப் பிடித்துக்கொண்டே கேட்டு முடித்தான். நீங்களும் உங்களுக்குத் தெரிந்த வாத்தியத்துக்குக் கிட்டியது எதுவோ அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். நாதஸ்வரக்காரர்களுக்கு ஓபோ, இரண்டிலும் இரட்டை நாக்குச் சீவாளிதான் பேசுகிறது.

முதல் பகுதியில் இன்னொரு வேடிக்கையான இடமும் உண்டு. தொடக்கத்தைத் திருப்பி வாசிக்கிற பதிவென்றால் ஒன்பது, பத்து நிமிடத்துக்கு இடையில் வரும். வயலின்கள் மிக மெல்லமாக நடுங்கிக்கொண்டிருக்க, ஹோர்ன் ஒன்று நான்கு பார் முன்னதாகவே மெட்டைத் தொடங்கிவிடும், பிழைவிட்டமாதிரி. முதல் ஒத்திகையில் பீத்தோவனுக்குப் பக்கத்தில் நின்ற அவருடைய மாணவர் ரீஸ், ஹோர்ன்காரருக்கு எண்ணத் தெரியவில்லை என்று திட்டப்போய், பீத்தோவனிடம் அறை வாங்காத குறையாகத் தப்பினார். எழுதியதே அப்படித்தான்.

நெறியாளர் என்ன செய்கிறார் என்று காதால் கண்டுபிடிப்பது

ஹைடன் காலத்தில் கோலோடு முன்னால் நிற்கிற நெறியாளர் கிடையாது, ஹைடனே வயலினையோ விசைப்பலகையையோ வாசித்துக்கொண்டு குழுவைக் கூட்டிப் போவார். இன்றும் நியூயோர்க்கின் ஓர்ஃபியஸ் சேம்பர் ஓர்கெஸ்ட்ரா 1972இலிருந்து நெறியாளரே இல்லாமல் வாசிக்கிறது. அப்படியென்றால் நெறியாளர் எதற்கு? ஒரே சிம்பொனியை இரண்டு பதிவில் அடுத்தடுத்துக் கேட்டால் விடை கிடைக்கும். மொசார்ட் 40ஐ மக்கேராஸிடம் கேட்டுவிட்டு, கார்ல் பொம் 1960களில் பேர்லின் ஃபில்ஹார்மோனிக்கோடு செய்ததைக் கேளுங்கள். முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் மாற்றி மாற்றி.

நான்கு விஷயத்தைப் பாருங்கள். வேகம், அது உடனே தெரியும். திருப்பி வாசிக்கிறார்களா, தாண்டுகிறார்களா. சுரம் அசைகிறதா, நேராக நிற்கிறதா: பெரிய குழுக்களில் வயலின்கள் ஒவ்வொரு சுரத்தையும் விரலால் மெல்ல நடுக்கிக்கொண்டே இருப்பார்கள், மக்கேராஸ் போன்றவர்களிடம் அது குறைவு, சுரம் தூண்மாதிரி நிற்கும். கமகத்தில் ஊறிய நம் காதுக்கு முதலில் இது வெறுமையாகத் தோன்றலாம். இரண்டு கிழமையில் அந்த நேரான சுரத்தின் சுத்தம் பிடித்துவிடும்.

நான்காவது, ஆட்கள் இருக்கிற இடம். இதற்குத்தான் இடது காது வலது காது சரியாக இருக்கவேண்டும் என்றேன். அந்தக் காலத்தில் முதல் வயலின்களும் இரண்டாம் வயலின்களும் மேடையின் இரு பக்கமும் எதிரெதிராக இருப்பார்கள். பிற்காலத்தில் இரண்டையும் இடப்பக்கமே சேர்த்து வைத்துவிட்டார்கள். யார்வியின் பதிவில் முதல் வயலின் இடது காதிலும் இரண்டாம் வயலின் வலது காதிலும் வரும், இரண்டும் கேள்வி பதில் மாதிரி வாசிக்கும்போது பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எறிபடுவதுபோல இருக்கும். மேளக் கச்சேரியில் இரண்டு நாதஸ்வரம் மாறி மாறி வாசிக்க நடுவில் நின்று கேட்டிருந்தால் இதன் சுவை உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இன்னும் கிட்டப்போகலாம். பெரிய அடி ஒன்று முடிந்ததும் வருகிற மௌனத்தைக் கேளுங்கள். சத்தம் எவ்வளவு நேரம் மண்டபத்துக்குள் மிதக்கிறது? ஃபிஷரின் ஹைடன் பதிவுகளில் அரண்மனை மண்டபத்தின் உயரம் கேட்கும், எங்கள் குருநகர், பாசையூர்த் தேவாலயங்களுக்குள் பாடகர் குழு நிறுத்தினபிறகும் ஒரு கணம் பாட்டு நிற்குமே, அப்படி. பகுதி தொடங்குவதற்குச் சற்று முன்னால் சில பதிவுகளில் முதல் வயலின்காரர் மூக்கால் மூச்சு இழுப்பதுகூட விழும். அதுதான் குழு முழுவதற்கும் "தொடங்குவோம்" என்ற சைகை.

தாள் பார்த்துக் கேட்க விரும்புகிறவர்களுக்கு, இந்த மூன்று சிம்பொனிகளின் சுரத்தாள்களும் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகத்தில் இலவசம். படிக்கத் தெரியாவிட்டாலும் எந்த வரியில் புள்ளிகள் கூடுகின்றன என்று பார்த்துக்கொண்டு போகலாம். நேரில் கேட்க வாய்ப்பு வேண்டுமென்றால் கொழும்புக்குத்தான் போகவேண்டும். 1958இல் தொடங்கிய இலங்கை சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா இன்றும் அங்கே கச்சேரி செய்கிறது. இரவு பஸ்ஸில் போய் வரலாம், செய்யத் தகுந்த பயணம்தான்.

மூன்றும் கைவந்தபிறகு ஹைடனிடம் திரும்பிப் போங்கள். எஸ்டர்ஹாசி வீட்டில் வேலைக்குச் சேர்ந்த 1761ஆம் ஆண்டிலேயே அவர் எழுதிய 6, 7, 8 என்ற மூன்றுக்கும் காலை, மதியம், மாலை என்று பெயர். எல்லா வாத்தியத்துக்கும் தனியாக வாசிக்க இடம் கொடுத்து எழுதியவை. 6ஆவது சூரியன் எழும்புவதுபோல ஒற்றை வயலின் வரியிலிருந்து மெல்ல மெல்ல ஏறி, பிறகு புல்லாங்குழல் தனியே வேகமான மெட்டை எடுத்துக்கொடுக்கும். அதை விடியப்புறம் ஐந்தே முக்காலுக்கு முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கேளுங்கள். இயர்போனை ஒரு காதில் மட்டும் போடவேண்டாம், இரண்டிலும்.